டொமினிக்கன் கல்யாணமும் பதின்மூன்று காசும்

4 பிப்ரவரி 2023, வாசகர் ஒருவரின் கேள்வி

டொமினிக்கன் குடியரசில் கல்யாணம் எப்படி நடக்கும்? அலுவலக நண்பர் ஒருவர் அழைத்திருக்கிறார். தேடிப் பார்த்த வரைக்கும், ஸ்பெயின்காரர்கள் விட்டுப்போன வழக்கத்தை அப்படியே நகல் எடுத்து, கடைசியில் மெரெங்கே ஆட்டம் ஆடுகிறார்கள் என்றுதான் தெரிகிறது. மாப்பிள்ளை பெண்ணுக்குப் பதின்மூன்று காசு கொடுப்பாராம். நம் பரிசப் பணம் மாதிரியா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

4 பிப்ரவரி, இரவு

நகல் என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நியூயார்க்கில், மன்ஹாட்டனின் வடக்குப் பகுதியில் இருக்கும் வாஷிங்டன் ஹைட்ஸில் ஆறு வருஷம் குடியிருந்தேன். தெரு முழுக்க டொமினிக்கன் குடும்பங்கள். எங்கள் கீழ்வீட்டு அம்மாவை எல்லாரும் 'தோன்யா' என்று கூப்பிடுவார்கள். வயதில் மூத்த பெண்ணுக்கு அங்கே கொடுக்கும் மரியாதைச் சொல் அது. அவர் என்னை 'மீஹா' என்பார், 'என் மகளே' என்று பொருள். 2018 நவம்பரில் ஒரு கல்யாணத்துக்காக அவரோடு டொமினிக்கன் குடியரசில் மோக்கா என்ற ஊருக்குப் போனேன். கல்யாணப்பெண் அவரேதான். வயது 53, மூன்று பிள்ளைகள், ஒரு பேத்தி. மாப்பிள்ளை அந்தப் பிள்ளைகளின் அப்பா. 27 வருஷம் ஒன்றாக வாழ்ந்துவிட்டுக் கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணம்.

காசு, கேக், ஆட்டம் எல்லாவற்றையும் எழுதுகிறேன். ஆனால் இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். இது புரியாமல் மற்றவற்றைப் பார்த்தால் வெறும் அலங்காரமாகத்தான் தெரியும்.

5 பிப்ரவரி

கோயிலுக்குள் நுழைவதிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்கக் கல்யாணம் பார்த்துப் பழகியவர்கள் மணப்பெண்ணின் தோழிகள் வரிசையாக வருவார்கள், பெண்ணை அப்பா கூட்டி வருவார், மாப்பிள்ளை முன்னாலேயே போய் நிற்பார் என்று எதிர்பார்ப்பார்கள். இங்கே மாப்பிள்ளையும் நடந்துதான் வருகிறார், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு. அந்த அம்மாதான் 'மத்ரினா'. பெண்ணைக் கூட்டி வரும் அப்பா 'பத்ரினோ'. ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய், ஞானத்தகப்பன் நிற்பது போலக் கல்யாணத்துக்கும் ஒரு ஜோடி நிற்கிறது. வெறும் சாட்சிக் கையெழுத்துக்காக நிற்பவர்கள் இல்லை. பின்னாளில் சண்டை வந்தால் தம்பதி போய் உட்கார வேண்டிய வீடு அவர்களுடையது.

தோன்யாவின் அப்பா உயிரோடு இல்லை. அதனால் 28 வயது மூத்த மகன் பத்ரினோவாக நின்றான். தன் அம்மாவைத் தன் அப்பாவிடம் கூட்டிக்கொண்டு போனான். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு 82 வயது. மகனின் கையைப் பிடித்து மெல்ல நடந்து வந்தார், வழியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். மோக்காவின் திரு இருதயக் கோயிலில் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் இருக்கின்றன. அந்த வெளிச்சம் அவர்கள் மேல் விழுந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

5 பிப்ரவரி, பிற்பகல்

கேட்டவர் காத்திருக்கிறார், காசுக்கு வருகிறேன்.

பதின்மூன்று காசுக்கும் 'அர்ராஸ்' என்று பெயர். சின்னப் பெட்டியில் வரும். எங்கள் கல்யாணத்தில் ஐந்து வயதுப் பேத்தி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். சாமியார் (பாதிரியார்) மந்திரித்துக் கொடுக்க, மாப்பிள்ளை இரண்டு கையாலும் பெண்ணின் கைக்குள் கொட்டுகிறார். ஏன் பதின்மூன்று என்று கேட்டால் இரண்டு விளக்கம் கிடைக்கும். இயேசுவும் பன்னிரண்டு சீடர்களும் என்பது ஒன்று. மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு, மிச்சம் ஒன்று ஏழைக்கு என்பது இன்னொன்று. தோன்யா இரண்டாவதைத்தான் சொன்னார்.

சொல்லின் வேரைப் பார்த்தால் 'அர்ரா' என்பது லத்தீனில் முன்பணம். நம் 'அச்சாரம்' என்ற சொல் அப்படியே பொருந்தும். ரோமானியர் காலத்து வியாபாரச் சொல் கல்யாணத்துக்குள் நுழைந்தது. விசிகோத்து என்ற ஜெர்மானிய இனத்து அரசர்கள் ஸ்பெயினை ஆண்ட 7ஆம் நூற்றாண்டில் அர்ராஸ் என்பது மாப்பிள்ளை பெண்ணின் பெயருக்கு எழுதிவைக்கும் சொத்தாகவே இருந்தது. மாப்பிள்ளையின் சொத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று சட்டமும் இருந்தது. ஆகவே பரிசத்தோடு உறவு உண்டு என்று கேட்டவர் நினைத்தது தவறில்லை. பணம் போகும் திசை அதேதான், மாப்பிள்ளை பக்கத்திலிருந்து பெண் பக்கத்துக்கு. வித்தியாசம் என்னவென்றால் பரிசம் பெண் வீட்டுக்குப் போகும். இது பெண்ணின் கைக்கே போகும்.

அந்தப் பெட்டியில் பன்னிரண்டு காசு, அந்த நாட்டின் தந்தை எனப்படும் துவார்த்தேயின் முகம் போட்ட ஒரு பேசோ நாணயம். ஒன்று மட்டும் அமெரிக்கக் கால் டாலர். அவசரத்தில் எண்ணிக்கை குறைந்து யாரோ போட்டுவிட்டார்கள் என்று அப்போது நினைத்தேன்.

6 பிப்ரவரி

ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: 'டொமினிக்கன் கல்யாணக் கேக் கருப்பாக இருக்கும், ரம்மில் ஊறப்போட்ட உலர்பழம் போட்டுச் செய்வார்கள், நான் சாப்பிட்டிருக்கிறேன்.'

தம்பி, நீங்கள் போன கல்யாணம் டொமினிக்கா தீவுக்காரர்களுடையதாக இருக்க வேண்டும். அது வேறு நாடு. குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் நடுவில் இருக்கும் சின்னத் தீவு, 1978இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது, ஆங்கிலமும் கிரியோலும் பேசுகிறார்கள். கருப்புக் கேக் அவர்களுடையது, ஆங்கிலம் பேசும் கரீபியன் முழுக்க உண்டு. நான் சொல்வது எஸ்பான்யோலா தீவின் கிழக்குப் பகுதி, ஸ்பானிய மொழி நாடு. மேற்குப் பகுதி ஹைத்தி.

டொமினிக்கன் குடியரசின் கேக் 'பிஸ்கோச்சோ'. வெண்ணெயும் ஆரஞ்சுச் சாறும் சேர்த்த மஞ்சள் நிறக் கேக், நடுவில் அன்னாசி ஜாம், மேலே 'சுஸ்பீரோ'. சுஸ்பீரோ என்றால் பெருமூச்சு. அடித்த முட்டை வெள்ளையில் கொதிக்கும் சர்க்கரைப் பாகை ஊற்றி நுரையாக எடுப்பது. கேக் சொல்லும்போது எத்தனை அடுக்கு என்று கேட்க மாட்டார்கள், எத்தனை பவுண்டு என்றுதான் கேட்பார்கள். கல்யாணத்துக்கு வர முடியாதவர்களுக்கு ஒரு துண்டு அலுமினியத் தாளில் சுற்றிப் போகும். நான் திரும்பும்போது என் கைப்பையில் நாலு வீட்டுக்கான கேக் இருந்தது.

7 பிப்ரவரி, செவ்வாய்

இன்று செவ்வாய்க்கிழமை என்பதால் ஒன்று நினைவுக்கு வந்தது.

கல்யாணத்துக்கு நாள் பார்த்தபோது தோன்யா செவ்வாய் மட்டும் கூடாது என்றார். ஸ்பானிய மொழியில் ஒரு பழமொழி உண்டு: செவ்வாயன்று கல்யாணமும் கட்டாதே, கப்பலும் ஏறாதே. அந்த மொழி பேசும் நாடுகள் எல்லாவற்றிலும் தெரியும். அதனால்தான் ஆங்கிலம் பேசுபவர்கள் வெள்ளிக்கிழமை 13ஆம் தேதிக்குப் பயப்படுவது போல அவர்கள் செவ்வாய் 13ஆம் தேதிக்குப் பயப்படுகிறார்கள்.

எங்கள் பாட்டியும் 'செவ்வாய் வெறும் வாய்' என்று சொல்லி நல்ல காரியத்துக்கு அந்த நாளைத் தள்ளிவிடுவார். 'மார்த்தெஸ்' என்பது மார்ஸ் என்ற ரோமானியப் போர்த் தேவனின் நாள். மார்ஸ் என்பது செவ்வாய்க் கிரகம். அவர்களுக்கும் நமக்கும் அதே கிரகம், அதே நாள், அதே பயம். கிழமைகளுக்குக் கிரகப் பெயர் வைக்கும் முறை மேற்கிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. போர்க்குணமும் கூடவே வந்திருக்க வேண்டும். இதைத் தோன்யாவிடம் சொன்னபோது, 'பார்த்தாயா, உன் பாட்டிக்கும் தெரிந்திருக்கிறது' என்றார். அதற்குப் பிறகுதான் அவர் என்னைச் சமையலறைக்குள் விட்டார்.

8 பிப்ரவரி

'27 வருஷம் கல்யாணம் இல்லாமலா? குடும்பத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையா?' என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் முதலில் அதே கேள்விதான். நான் தூத்துக்குடிக் கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் வீட்டில் இந்தச் செய்தி வந்திருந்தால் குரலைத் தாழ்த்திப் பேசியிருப்பார்கள். அவர் முகத்துக்கு நேராக நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மனதுக்குள் அவரை ஒரு படி கீழே வைத்தேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அங்கே அதற்கு 'ஊனியோன் லீப்ரே' என்று பெயர். சேர்ந்து வாழ்வது. 'மூதார்ஸே' என்பார்கள், வீடு மாறுவது என்று பொருள். 'அவர்கள் வீடு மாறிவிட்டார்கள்' என்றால் குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டார்கள் என்று ஊர் புரிந்துகொள்ளும். எங்கள் தெருவில் கேட்ட பேச்சில், சேர்ந்து வாழும் ஆணை 'மரீதோ' என்றும், சட்டப்படி கல்யாணம் செய்தவரை 'எஸ்போசோ' என்றும் பிரித்துச் சொல்வார்கள். 2010 அரசியல் சாசனத்தின் 55ஆவது பிரிவு, தடை ஏதும் இல்லாத ஓர் ஆணும் பெண்ணும் நிலையாகச் சேர்ந்து வாழ்ந்தால் அதற்கும் உரிமையும் கடமையும் உண்டு என்கிறது. பக்கத்தில் ஹைத்தியில் இதையே 'ப்ளாசாஜ்' என்பார்கள். ஜமைக்காவிலும் வாழ்க்கை முதலில், பிள்ளைகள் அடுத்தது, கல்யாணம் வசதி வந்த பிறகு என்ற வரிசை சாதாரணம். அடிமை முறை இருந்த தீவுகளில் சட்டப்படியான கல்யாணம் நெடுங்காலம் நிலமும் பெயரும் உள்ளவர்களின் விஷயமாக இருந்தது.

கோயிலில் கட்டிக்கொள்ள இன்னொரு தயக்கமும் உண்டு. 1954இல், த்ருஹியோவின் சர்வாதிகாரக் காலத்தில், வத்திக்கானோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அதன்படி கோயில் கல்யாணத்துக்கே சட்ட மதிப்பு உண்டு. ஆனால் கோயிலில் கல்யாணம் செய்பவர்கள் அதனாலேயே நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறார்கள் என்றும் எழுதினார்கள். தோன்யாவின் அம்மா, அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்த பிறகு கோயிலுக்குப் போ என்று சொல்லித்தான் மகளை அனுப்பினாராம். மகளின் நன்மை தெரிந்த தாயின் பேச்சு அது.

அப்புறம் செலவு. 'கல்யாணம் என்றால் ஊருக்குச் சோறு போட வேண்டும், உடுப்பு வேண்டும், வீடு வேண்டும். எங்களிடம் ஒரு மெத்தை இருந்தது' என்றார் தோன்யா.

ஆனால் ஊர் ஏற்றுக்கொண்டது என்பதால் வலி இல்லாமல் போகவில்லை. கோயில் கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழ்பவர்கள் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கக் கூடாது. அத்தனை வருஷமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போய், எல்லாரும் வரிசையில் போகும்போது அவர் பெஞ்சிலேயே முழந்தாளிட்டிருப்பார். நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். கல்யாணப் பூசையில் இருவரும் முதலில் போய் நன்மை வாங்கினார்கள். 82 வயது மாமியார் வாய்விட்டு அழுதது அப்போதுதான். காசு கொட்டியபோதோ மோதிரம் போட்டபோதோ இல்லை.

8 பிப்ரவரி, இரவு

திருத்தம். 27 இல்லை, 29 வருஷம். அவர்கள் நியூயார்க் வந்த 1991இலிருந்து கணக்குப் போட்டுவிட்டேன். வீடு மாறியது 1989இல், மோக்காவில்.

10 பிப்ரவரி

இசை பற்றிக் கேட்டவருக்கு. மெரெங்கேயை 2016இலும் பச்சாத்தா என்ற இன்னொரு ஆட்ட இசையை 2019இலும் யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மோக்கா இருப்பது சிபாவோ வட்டாரம். அங்கே பழைய பாணிக்குப் 'பெரிக்கோ ரிப்பியாவ்' என்று பெயர். ஓர் அக்கார்டியன், ஒரு தம்போரா, ஒரு குவீரா. குவீரா என்பது துளைபோட்ட தகரக் குழாய், கம்பிச் சீப்பால் சுரண்டுவார்கள். ஒரு காலத்தில் அடுப்படித் துருவியையே எடுத்து வாசித்திருக்கிறார்கள். தம்போரா இரண்டு பக்கமும் ஆட்டுத்தோல் போர்த்திய மேளம், மடியில் படுக்க வைத்து ஒரு பக்கம் குச்சி, ஒரு பக்கம் உள்ளங்கை. நான் பார்த்தவுடன் தவில் என்றேன். நாதம் வேறு, தாளம் வேறு, ஆனால் ஒரு பக்கம் குச்சியும் ஒரு பக்கம் கையுமாக வாசிக்கும் அந்த உடம்புப் பாங்கு அதேதான். பந்தலில் உட்கார்ந்து தவில் கேட்டு வளர்ந்த எனக்குக் கால் தானாகவே தட்டியது.

நள்ளிரவை நெருங்கும்போது 'ஓரா லோக்கா', பைத்திய நேரம். முகமூடி, ஊதல், வண்ணத்தொப்பி விநியோகம். இது ஸ்பெயினிலிருந்து வந்ததில்லை, வெனிசுவேலாப் பக்கம் தொடங்கிப் பரவியது என்பார்கள். சாமியாரின் தலையிலும் ஒரு தொப்பி வைத்தார்கள், அவரும் கழற்றவில்லை.

சாப்பாட்டில் வறுத்த பன்றி இருந்தது, வாழைப்பழம் வைத்த பஸ்தெலோன் இருந்தது, லெபனான், சிரியாவிலிருந்து குடிவந்தவர்கள் கொண்டுவந்த, கோதுமையும் கறியும் சேர்த்துப் பொரித்த 'கிப்பே' இருந்தது. எனக்கு ஊர் நினைப்பு வந்தது 'மோரோ தே குவாந்தூலெஸ்' தட்டில்தான். குவாந்தூலெஸ் என்றால் பச்சைத் துவரை. துவரை இந்தியாவில் பயிரானது, கிழக்கு ஆப்பிரிக்கா போய், அடிமைக் கப்பல்களோடு கரீபியன் சேர்ந்தது. சோற்றோடு வேகவைத்து, சில இடங்களில் தேங்காய்ப்பாலும் விடுவார்கள். பானை அடியில் பிடித்த காந்தலுக்குக் 'கொன்கோன்' என்று பெயர். அதற்குத் தனிப் போட்டி. விடியும் முன் சான்கோச்சோ என்ற கிழங்கும் கறியும் போட்ட குழம்பு. அதைக் குடிக்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள்.

இன்னொன்று. பீர் பாட்டில் மேல் வெள்ளையாக உறைபனி பிடித்து வந்தால் அதை 'மணப்பெண் உடுத்தி வந்திருக்கிறாள்' என்பார்கள். கல்யாண வீட்டில் மட்டும் இல்லை, மூலைக் கடையிலும் அப்படித்தான் கேட்பார்கள். ஒரு ஊரின் பேச்சில் கல்யாணம் எவ்வளவு தூரம் ஊறியிருக்கிறது என்று எனக்குக் காட்டியது அந்த ஒரு சொல்தான்.

12 பிப்ரவரி

பிலிப்பைன்ஸில் வேலை பார்த்த அக்கா ஒருவர் அங்கேயும் பதின்மூன்று காசு உண்டு என்று எழுதியிருக்கிறார். உண்மை. அதே ஸ்பானிய ஆட்சி, அதே கோயில். ஆனால் அங்கே கூடவே தம்பதியின் தோளில் ஒரு துணியைப் போர்த்தி, எட்டு எண் வடிவத்தில் கயிறும் போடுவார்கள். மெக்சிகோவில் அந்தக் கயிறு 'லாசோ'. மோக்காவில் நான் அதைப் பார்க்கவில்லை. மெக்சிகோவில் பத்ரினோ ஒரு ஜோடி இல்லை, வரிசையாக வருவார்கள்: காசுக்கு ஒருவர், மோதிரத்துக்கு ஒருவர், கேக்குக்கு ஒருவர் என்று செலவைப் பிரித்துக்கொள்வார்கள். டொமினிக்கனில் ஒரே ஜோடி, அதுவும் பெரும்பாலும் பெற்றவர்கள். நகல் என்றால் மூன்று இடத்திலும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும்.

பத்ரினோ என்ற உறவு அங்கே எவ்வளவு கனமானது என்பதற்கு ஒரு கசப்பான உதாரணமும் உண்டு. சர்வாதிகாரி த்ருஹியோ கூட்டம் கூட்டமாகக் குழந்தைகளுக்கு ஞானத்தகப்பனாக நின்றார். ஒரு குழந்தைக்கு ஞானத்தகப்பன் ஆனால் பெற்றவனுக்குக் 'கொம்பாத்ரே' ஆகிவிடுகிறார். கொம்பாத்ரேவை எதிர்த்து நிற்பது பெரிய பாவம் என்று நினைக்கும் ஊரில் அது என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அக்கா சொன்ன இன்னொன்றும் சரி, நான் 5ஆம் தேதி எழுதியது பாதிதான். மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொட்டுவதோடு முடிவதில்லை. இப்போதைய ஸ்பானிய மொழிச் சடங்கில் இருவரும் மாறி மாறிக் கொடுத்துக்கொள்கிறார்கள்; இது கடவுளின் ஆசீருக்கு அச்சாரம், நாம் பகிர்ந்துகொள்ளப்போகும் உடைமையின் அடையாளம் என்ற பொருளில் வார்த்தை சொல்வார்கள். என் நினைவில் அவர் கொட்டியது மட்டும் பதிந்திருக்கிறது. தோன்யாவிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

14 பிப்ரவரி

'கோயிலுக்குள் காசு கொட்டுவது கிறிஸ்தவமே இல்லை' என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்.

ஐயா, எங்கள் ஊரில் கோயிலுக்குள் தாலி கட்டுகிறோம். பூசை நடுவில் சாமியார் மந்திரித்துத் தர, மாப்பிள்ளை கட்டுகிறார். தாலியில் சிலுவை இருக்கும். அது சும்மா வந்ததில்லை. திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன் 1704இல் புதுச்சேரியில் இருந்து ஆணை போட்டார்: பிள்ளையார் உருவம் போட்ட தாலி கூடாது, சிலுவையோ இயேசுவின், மாதாவின் உருவமோ போட்டுக் கட்டிக்கொள்ளலாம். 108 இழை மஞ்சள் கயிறும் கூடாது என்றார். அதைச் சுற்றிப் பல பத்தாண்டு வழக்கு நடந்தது. தாலி நின்றது.

அர்ராஸும் அப்படித்தான். கோயில் கண்டுபிடித்ததில்லை, ஊர் வழக்கம் பீடத்துக்கு ஏறியது. அமெரிக்க ஆயர்கள் 2016இல் வெளியிட்ட திருமணச் சடங்கு நூலில் அர்ராஸையும் லாசோவையும் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

ஆனால் இரண்டையும் ஒன்று என்று சொல்லிவிடவும் மனம் வரவில்லை. தாலி பெண்ணின் கழுத்தில் மட்டும் தொங்குகிறது, அவள் யாருக்குரியவள் என்று தெருவுக்குச் சொல்கிறது. காசு பெட்டிக்குள் போய்விடுகிறது. என் அம்மாவின் தாலியை நான் நேசிக்கிறேன். அப்பா இறந்த பிறகு அது கழன்ற அன்றையும் மறக்கவில்லை.

15 பிப்ரவரி

செலவு யாருடையது என்ற கேள்வி. தோன்யா வீட்டில் தம்பதியும் பிள்ளைகளும்தான் போட்டார்கள். பெரிய பங்கு 'சான்' பணம். சான் என்றால் நம் சீட்டு, அப்படியே. பத்துப் பேர் வாராவாரம் ஒரே தொகை போட்டு, முறைக்கு ஒருவர் மொத்தத்தையும் எடுப்பது. தள்ளுச்சீட்டு இல்லை, ஏலம் இல்லை, முறை வரிசை மட்டும். தெருவில் நம்பிக்கையான ஒரு பெண் எழுதி வைத்துக்கொள்வார். நானும் ஒரு பெயர் போட்டிருந்தேன், ஒரு வாரமும் தவறவில்லை. தோன்யாவுக்கு முறை ஆகஸ்டில் விழ வேண்டியது. விமான டிக்கெட்டுக்காக என் ஜூன் முறையை அவருக்கு மாற்றிக்கொடுத்தேன். கல்யாணப் படத்தில் குடும்பத்தோடு என்னையும் நிறுத்தியதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

வரதட்சணை உண்டா என்று கேட்டவருக்கு: நான் பார்த்த எந்த டொமினிக்கன் குடும்பத்திலும் அந்தப் பேச்சே இல்லை. விளக்கிச் சொன்னபோது தோன்யாவுக்குப் புரியவே இல்லை. 'பெண்ணையும் கொடுத்து, பணத்தையும் ஏன் கொடுக்க வேண்டும்?' என்று இரண்டு தடவை கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

17 பிப்ரவரி

மைக்கேல் ஜாக்சன் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அவர் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் மகள் லிசா மேரி பிரெஸ்லியைக் கட்டிக்கொண்டது டொமினிக்கன் குடியரசில்தான். 1994 மே 26, லா வேகாவில், பதிவுக் கல்யாணம். மோக்காவுக்குப் பக்கத்து ஊர். புந்தா கானா கடற்கரையில் வெளிநாட்டவர் செய்துகொள்ளும் கல்யாணங்களும் அந்தக் கணக்குதான். அதில் டொமினிக்கன் வழக்கம் கொஞ்சமே இருக்கும்.

ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 2021 ஜனவரியில் வந்த 1-21 எண் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவர்களின் கல்யாணத்தை விதிவிலக்கே இல்லாமல் தடை செய்தது. அதுவரை நீதிபதி அனுமதியோடு நடத்த முடிந்தது.

19 பிப்ரவரி

கேள்வி கேட்ட நண்பருக்கு, போகும் முன். வெள்ளை உடுத்தாதீர்கள். அழைப்பிதழ் நேரத்துக்குக் கோயிலில் இருங்கள். மற்றவர்கள் வரத் தாமதமாகும், அதற்காக நீங்களும் தாமதிக்க வேண்டாம். ஆடக் கூப்பிட்டால் எழுந்திருங்கள், மெரெங்கே நடக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் வரும். மாப்பிள்ளையின் அம்மாவிடம் முதலில் போய்ப் பேசுங்கள். விமானம் தரையிறங்கியதும் எல்லாரும் கை தட்டுவார்கள், நீங்களும் தட்டுங்கள்.

26 பிப்ரவரி

தோன்யாவோடு பேசிவிட்டேன். நாற்பது நிமிஷம்.

காசு விஷயத்தில் அக்காதான் சரி. அவர் கொட்டினார், இவர் திருப்பிக் கொட்டினார். நான் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தக் கால் டாலரைப் பற்றியும் கேட்டேன். யாரும் தவறிப் போட்டதில்லை. 1991இல் நியூயார்க் வந்த முதல் வாரம், துணி துவைக்கும் கடைக்குப் போக தோன்யாவின் கையில் அவர் வீட்டுக்காரர் கால் டாலர் காசுகளை எண்ணிக் கொடுத்தாராம். அங்கே இயந்திரத்தில் கால் டாலர்தான் விழும். ஒன்று மிச்சம் வந்தது. திருப்பிக் கொடுத்தபோது, 'வைத்துக்கொள், அடுத்த வாரத்துக்கு' என்றாராம். அடுத்த வாரம் அவர் தனியாக ஏழு காசு கொடுத்ததால் இது அப்படியே மாதா படத்துக்குப் பின்னால் இருந்துவிட்டது. கல்யாணத்துக்கு மாமியார் தன் பதின்மூன்று பேசோவைக் கொண்டுவந்தபோது, அதில் ஒன்றை எடுத்துவிட்டு இதைப் போட்டார் தோன்யா. எடுத்த பேசோவை மாமியார் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாராம்.

பெட்டி இப்போது மாசசூசெட்ஸில் லாரன்ஸ் நகரத்தில் இருக்கிறது. தோன்யாவின் அண்ணன் மகளுக்கு ஜூலையில் கல்யாணம், இரவலாகக் கொண்டுபோயிருக்கிறாள். கால் டாலரோடு சேர்த்துத்தான் கொடுத்தீர்களா என்று கேட்டேன். 'அதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன் மீஹா, அவள் தன் காசைப் போட்டுக்கொள்ளட்டும்' என்றார்.